குழுக்களைக் கலைப்பது பாதுகாப்பு ஆகாது: பேராயருக்கும் திருமண்டலச் செயற்குழுவுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பேராயர் அவர்களுக்கும் திருமண்டலச் செயற்குழு உறுப்பினர்களுக்கும்,

ஞாயிறு பள்ளி ஆசிரியர்களும் வாலிபர் ஐக்கியப் பொறுப்பாளர்களும் பாடகர் குழு நடத்துகிறவர்களும் இனி எந்தப் பிள்ளையோடும் வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் வழியாகப் பேசக் கூடாது, இருக்கிற குழுக்களை ஏழு நாளுக்குள் கலைத்துவிட வேண்டும் என்று திருமண்டலத்தின் கீழுள்ள சபைத் தொகுதிகளான சேகரங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறீர்கள். ஒரு பக்கத்துக்குள் முடிந்துவிட்ட அந்த அறிக்கையில் மாற்று வழி எதுவும் இல்லை. ஒரு பிள்ளைக்குத் தொல்லை நேர்ந்தால் யாரிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்பதற்கு ஒரு வரி இல்லை. குருமாருக்கும் உபதேசியார்களுக்கும் இந்த விதி பொருந்துமா என்பதும் இல்லை.

பிள்ளைகளைக் காக்க வேண்டும் என்ற அக்கறையில்தான் இதைச் செய்தீர்கள் என்று நம்புகிறோம். அதே அக்கறையில்தான் நாங்களும் எழுதுகிறோம். இந்தத் தடை பிள்ளைகளைக் காக்கவில்லை. இருந்த கொஞ்சப் பாதுகாப்பையும் எடுத்துவிட்டது.

குழுவைக் கலைத்தால் முதலில் போவது பதிவு. அட்மின் எல்லாரையும் நீக்கி, தானும் வெளியேறி, அரட்டையை அழித்துவிட்டால் அவர் போனில் ஒன்றும் மிஞ்சாது. மற்றவர்கள் போனில் பழைய செய்திகள் கிடக்கும், அவர்களே அழிக்கும் வரை. நம் பிள்ளைகள் பலர் கையில் இருப்பது எப்போதும் இடம் போதாத போன். செயல்படாத குழுவைத்தான் முதலில் அழிப்பார்கள். வாட்ஸ்அப் செய்திகள் எல்லாம் அனுப்புகிறவரும் பெறுகிறவரும் மட்டுமே படிக்கும்படி மறையாக்கம் செய்யப்பட்டவை என்பதால், பிறகு நிறுவனத்திடம் கேட்டுப் பெற்றுக்கொள்ளவும் வழியில்லை. குழுவிலிருந்து விலகியவர்கள் யார் யார் என்ற பட்டியல்கூட 60 நாளுக்குத்தான் தெரியும். ஒரு வருடம் கழித்து ஒரு பிள்ளை வாய் திறந்து, "அவர் அப்போது குழுவில் இப்படி எழுதினார்" என்று சொன்னால், காட்ட எதுவும் இருக்காது. சாட்சியம் வேண்டியிருந்த நேரத்தில் திருமண்டலமே அழிக்கச் சொன்னது என்றுதான் அன்று பேச்சு வரும்.

இரண்டாவது, தொடர்பு நிற்கவேயில்லை. இடம் மட்டும் மாறிவிட்டது. கிறிஸ்துமஸ் கீத பவனிக்கு வேன் எத்தனை மணிக்கு, திடப்படுத்தல் வகுப்பு தள்ளிப்போனதா, முகாமுக்கு என்ன கொண்டுவர வேண்டும் என்பதெல்லாம் பிள்ளைகளுக்குத் தெரிந்தாக வேண்டும். குழு இல்லாததால் ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாகப் போன் போடுகிறார், தனித்தனியாகச் செய்தி அனுப்புகிறார். முப்பது பேர் பார்க்க நடந்த பேச்சு, இப்போது யாரும் பார்க்காத முப்பது பேச்சுகளாகிவிட்டது. கதவு திறந்திருந்த வகுப்பறையைப் பூட்டிவிட்டு, பிள்ளைகளை ஒவ்வொருவராக ஆசிரியர் வீட்டுக்கு அனுப்பியதைப் போன்ற காரியம் இது.

ஆபத்து எப்படி வளர்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் விதி சரியான இடத்தில் நிற்கும். தவறான எண்ணமுள்ள ஒருவர் முதல் நாளே அசிங்கமான செய்தி அனுப்புவதில்லை. குழுவில் போட வேண்டியதைத் தனியாக அனுப்புவதில் அது தொடங்கும். "இன்னைக்கு உன் சோலோ நல்லா இருந்துச்சு" என்று ஒரு பாராட்டு. தினமும் காலையில் ஒரு வசனம், அந்தப் பிள்ளைக்கு மட்டும். பிள்ளை போடும் ஒவ்வொரு ஸ்டேட்டஸுக்கும் ஒரு பதில். அப்புறம் நேரம் மாறும், இரவு பத்து, பதினொன்று என்று. "வீட்ல உன்னைப் புரிஞ்சுக்கிறதே இல்ல" என்று பெற்றோரிடமிருந்து பிரிக்கிற பேச்சு வரும். டேட்டா தீர்ந்தால் ரீசார்ஜ் செய்து கொடுப்பார். பிறகு "இங்க வேண்டாம், இன்ஸ்டால வா" என்று இடம் மாறும், தானாக மறையும் செய்திகள் போடப்படும். படம் கேட்பது அதற்கப்புறம்தான். படம் கைக்குப் போனபின் மிரட்டல்.

சபைக்குள் இதற்கு இன்னொரு பலமும் சேர்ந்துவிடுகிறது. "உனக்காக ஜெபிச்சப்ப ஆண்டவர் இதை உணர்த்தினார்" என்று சொல்கிற ஆளை மறுத்துப் பேசப் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு எங்கிருந்து துணிவு வரும்? ஆண் பிள்ளைகளுக்கும் இதுதான் நிலை. இரவில் பையன்களோடு கேம் விளையாடும் அண்ணன், ஹெட்போனில் என்ன பேசுகிறார் என்று யாருக்கும் தெரியாது. பெண் பிள்ளைகளுக்கு மட்டும் காவல் போட்டால் போதும் என்ற நினைப்பை முதலில் விட வேண்டும். பாலியல் குற்றங்களிலிருந்து பிள்ளைகளைக் காக்கும் போக்சோ சட்டம் பிள்ளை ஆணா பெண்ணா என்று பிரிப்பதில்லை, 18 வயதுக்குக் கீழ் எல்லாரும் பிள்ளைகள்தான்.

மேலே சொன்ன படிகளில் முதல் சிலவற்றைத் தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் எதுவும் குற்றமில்லை. பாராட்டுவதும் வசனம் அனுப்புவதும் நல்ல ஊழியர்களும் செய்கிற காரியங்கள். அதனால்தான் "நல்லவர், நமக்குத் தெரிந்தவர்" என்ற நம்பிக்கை விதிக்கு மாற்றாகாது. எல்லாருக்கும் ஒரே கோடு போட்டுவிட்டால், கோட்டைத் தாண்டும் முதல் அடியே கண்ணில் படும். அந்தக் கோட்டை எங்கே போடலாம் என்பதை, செய்து பார்க்கக்கூடிய அளவுக்குச் சொல்கிறோம்.

ஊழியரின் சொந்த எண்ணிலிருந்து பிள்ளைகளுக்குச் செய்தி போகக் கூடாது. ஒவ்வொரு சேகரத்துக்கும் ஒரு சாதாரண ஆண்ட்ராய்டு போனும் சேகரத்துக்கே உரிய ஒரு சிம்மும் வேண்டும். அதில் வாட்ஸ்அப் பிசினஸ் போடலாம், கட்டணமில்லை. அந்தக் கணக்கை இன்னும் நான்கு கருவிகளில் இணைத்துக்கொள்ள முடியும். சேகர அலுவலகக் கணினியிலும் இரண்டாவது பொறுப்பாளரின் கருவியிலும் இணைத்துவிட்டால், ஒரு பிள்ளை தனியாக அனுப்பும் செய்தியும், அதற்குப் போகும் பதிலும் இரண்டு பேர் கண்ணிலும் படும். எங்கள் பார்வையில் இந்த ஒரு ஏற்பாடு பத்து அறிவுரைகளுக்குச் சமம். இதில் கவனிக்க வேண்டியவையும் உண்டு. முதன்மை போன் 14 நாள் திறக்கப்படாமல் கிடந்தால் இணைப்புகள் அறுந்துவிடும். இரண்டு படிச் சரிபார்ப்புக்கான ஆறு இலக்க எண் இரண்டு பொறுப்பாளர்களிடமும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒருவர் ஊர் மாறும்போது கணக்கும் அவரோடு போய்விடும். ரீசார்ஜை மறக்கவே கூடாது. தொடர்ந்து 90 நாள் பயன்பாடே இல்லாத இணைப்பை நிறுவனம் துண்டிக்கலாம், பிறகு அந்த எண் முன்பின் தெரியாத ஒருவர் கைக்குப் போகும். பிள்ளைகள் நம்பிப் பேசிய எண் அது.

குழுவுக்கு அட்மின்கள் இரண்டு பேராவது இருக்க வேண்டும். கணவன் மனைவி, அண்ணன் தம்பி என்று ஒரே வீட்டு ஆட்களாக இருக்கக் கூடாது. ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். செட்டிங்ஸில் ஆள் சேர்க்கும் உரிமை அட்மினுக்கு மட்டும், புதியவர்களுக்கு ஒப்புதல் கட்டாயம் என்று வைக்க வேண்டும். இப்போது விபிஎஸ் என்கிற விடுமுறை வேதாகமப் பள்ளியின் நோட்டீஸிலேயே குழு லிங்க்கை அச்சடிக்கிறார்கள். அந்தத் தாள் யார் கையில் கிடைத்தாலும் அவர் பிள்ளைகள் இருக்கும் இடத்துக்குள் நுழைந்துவிடலாம், நுழைந்தவுடன் எல்லாப் பிள்ளைகளின் எண்ணும் அவருக்குக் கிடைத்துவிடும். ஏற்கெனவே வெளியே போன லிங்க்கை மீட்டமைத்தால் பழையது செல்லாது, ஒரு நிமிட வேலை.

சாதாரணக் குழுவில் எல்லாருக்கும் எல்லார் எண்ணும் தெரியும் என்பதே பெரிய ஓட்டை. பல குழுக்களை ஒன்றாகச் சேர்க்கும் வாட்ஸ்அப் கம்யூனிட்டியின் அறிவிப்புக் குழுவில் அட்மின்கள் மட்டுமே அறிவிப்புப் போட முடியும், உறுப்பினர்களின் எண்கள் மற்ற உறுப்பினர்களுக்குத் தெரியாது. நேரம், இடம், கட்டணம் போன்ற தகவல்களுக்கு அதுவே போதும். சில ஆசிரியர்கள் குழுவுக்குப் பதில் பிராட்காஸ்ட் பட்டியலைப் பயன்படுத்தத் தொடங்கியிருக்கிறார்கள். அது வேண்டாம். அனுப்புகிறவர் எண்ணைச் சேமித்து வைத்தவர்களுக்கு மட்டுமே அந்தச் செய்தி போகும். அதைவிட, பிள்ளை அனுப்பும் பதில் ஆசிரியருக்குத் தனிச் செய்தியாக வந்து நிற்கும். நாம் தவிர்க்க நினைத்த தனிப் பேச்சை அந்தப் பட்டியலே தொடங்கி வைக்கிறது.

மறையும் செய்திகள் அணைக்கப்பட்டிருக்க வேண்டும், அதை மாற்றும் உரிமை அட்மினுக்கு மட்டும். ஒருமுறை மட்டும் பார்க்கும் படம், அரட்டையைப் பூட்டி மறைக்கும் சேட் லாக், இவற்றுக்குச் சேகர போனில் இடமில்லை. அரட்டையை ஏற்றுமதி செய்யவிடாமல் தடுக்கும் மேம்பட்ட தனியுரிமை வசதியும் அணைந்திருக்க வேண்டும். மாதத்தின் முதல் ஞாயிறு, படங்கள் இல்லாமல் அரட்டையை ஏற்றுமதி செய்து சேகர அலுவலகத்தில் கடவுச்சொல் போட்டு வைக்கலாம். தவறாகப் போட்ட செய்தியை எல்லாருக்கும் அழிக்க நேர்ந்தால், என்ன அழித்தோம், ஏன் அழித்தோம் என்று அதே குழுவில் ஒரு வரி எழுத வேண்டும். போன் அழைப்புக்குப் பதிவு கிடையாது என்பதால் ஒரு சாதாரண நோட்டில் தேதி, நேரம், எத்தனை நிமிடம், எதற்காக என்று குறித்து வைத்தால் போதும். இது ஊழியரைச் சந்தேகப்படுவதற்காக அல்ல. நாளைக்கு ஒருவர் மேல் தவறாகப் பழி வந்தால் அவரைக் காப்பாற்றப் போவதும் அந்த நோட்டுதான்.

வயதையும் கலக்கக் கூடாது. நம் வாலிபர் ஐக்கியக் குழுக்களில் பத்தாம் வகுப்புப் பிள்ளையும் முப்பது வயதில் வேலைக்குப் போகிறவரும் ஒன்றாக இருக்கிறார்கள். 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குத் தனிக் குழு வேண்டும். வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் இரண்டுமே 13 வயதுக்குக் கீழ் உள்ளவர் தாமாகக் கணக்கு வைத்திருக்க அனுமதிப்பதில்லை. ஆகவே சின்னப் பிள்ளைகளின் செய்தி பெற்றோருக்கு மட்டும் போக வேண்டும். 13 முதல் 17 வரை உள்ளவர்களின் குழுவில் பிள்ளையோடு பெற்றோரில் ஒருவரும் இருக்க வேண்டும்.

பெற்றோர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். கிராமச் சேகரங்களில் பல பிள்ளைகளுக்குச் சொந்தப் போன் இல்லை, அம்மா போனிலோ அப்பா போனிலோதான் பேசுகிறார்கள். பெற்றோர் குழுவில் இருக்கிறார்கள் என்பதாலேயே எல்லாவற்றையும் படிக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ள முடியாது. அதே நேரம், தொல்லை வீட்டுக்குள்ளேயே நடந்தால் அப்பா போனுக்கு நாம் அனுப்பும் பதில் பிள்ளையை ஆபத்தில் தள்ளும். அப்படிப்பட்ட பிள்ளை பேச வேண்டும் என்றால் ஆலய வளாகத்தில், பிறர் பார்க்கக்கூடிய, ஆனால் பேச்சு காதில் விழாத இடத்தில் நேரில் பேசுவதே சரி. இன்னொன்று, நம் சபைகளில் பாதிப் பிள்ளைகள் ஆசிரியருக்கு ஏதோ ஒரு வகையில் சொந்தம். அக்கா மகனிடம் சித்தி போனில் பேசக் கூடாது என்று விதி போட்டால் யாரும் மதிக்கமாட்டார்கள், மதிக்காத விதி எல்லா விதியையும் கெடுக்கும். சொந்தக்காரப் பிள்ளைகள் யார் யார் என்று ஆசிரியர் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டால் போதும்.

நேரத்துக்கு வருவோம். காலை 7 மணிக்கு முன்னும் இரவு 8.30-க்குப் பின்னும் செய்தி வேண்டாம். வாட்ஸ்அப் பிசினஸில் அந்த நேரத்துக்கென்று ஒரு தானியங்கிப் பதில் வைக்க முடியும். அதில் "நாளைக் காலை பதில் வரும். உடனே உதவி வேண்டுமானால் 1098 (சிறார் உதவி எண்) அல்லது 112-ஐ அழைக்கவும். மனம் தாங்க முடியாத நிலையில் இருந்தால் 14416 டெலிமானஸ் மனநல உதவி எண்" என்று எழுதி வைத்தால், இரவு ஒரு மணிக்குச் செய்தி அனுப்புகிற பிள்ளைக்கும் ஏதோ ஒரு கை நீளும்.

தாங்கள் போட்ட முழுத் தடை அதிகம் தீங்கு செய்யும் இடம் இதுதான். "அக்கா, எனக்கு வாழப் பிடிக்கல" என்று ஒரு பிள்ளை ஆசிரியருக்கு எழுதினால், சுற்றறிக்கைப்படி அவர் பதில் எழுதக் கூடாது. எழுதாமல் இருக்கவும் முடியாது. எழுதினால் விதியை மீறியவர் ஆகிறார், ஆகவே எழுதியதை மறைப்பார், அழிப்பார். நல்ல ஊழியரையே மறைக்கப் பழக்குகிறது இந்த விதி. பிள்ளை தனியாகப் பேச வந்தால் பேசலாம், ஆனால் அது இரகசியமாக இருக்கக் கூடாது என்பதே சரியான கோடு. அன்றே இரண்டாவது பொறுப்பாளருக்குத் தெரிவிக்க வேண்டும், அப்படித் தெரிவிப்பேன் என்று பிள்ளையிடமும் சொல்லிவிட வேண்டும்.

அந்த நேரத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல்தான் பலர் தடுமாறுகிறார்கள். "நீ சொன்னது நல்லது. உன்னை நம்புகிறேன். இது உன் தப்பு இல்லை. உனக்கு உதவி செய்ய நான் இன்னும் ஒருவரிடம் சொல்ல வேண்டும்" என்ற நான்கு வாக்கியங்கள் போதும். "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. துருவித் துருவி விசாரிக்கவும் கூடாது. நம் கேள்வி பிள்ளையின் வாயில் வார்த்தையை வைத்துவிட்டால் பிறகு நீதிமன்றத்தில் அதுவே பிள்ளைக்கு எதிராகத் திரும்பும். குற்றம் சாட்டப்பட்டவரைக் கூப்பிட்டுக் கேட்பதோ மிகப் பெரிய தவறு. அவர் அன்றிரவே எல்லாவற்றையும் அழித்துவிடுவார், பிள்ளையையும் மிரட்டுவார்.

அந்தரங்கப் படம் சம்பந்தப்பட்ட புகார் என்றால் இன்னும் கவனம் வேண்டும். "நிஜமா என்று பார்க்கிறோம், அனுப்பு" என்று கமிட்டி ஆட்கள் கேட்டு வாங்கிப் பார்ப்பது பல இடங்களில் நடக்கிற வழக்கம். பிள்ளையின் பாலியல் படத்தை ஒருவர் இன்னொருவருக்கு அனுப்புவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவில் குற்றம், போக்சோ சட்டத்தின் 15-ஆம் பிரிவும் அதைத் தொடுகிறது. அப்படிப்பட்ட படத்தை இறக்கித் தனியாகப் பார்ப்பது குற்றமாகாது என்று 2024 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதை அதே ஆண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. ஆகவே படத்தை அனுப்பச் சொல்லக் கூடாது, ஸ்கிரீன்ஷாட் எடுக்கக் கூடாது. அனுப்பியவரின் எண் அல்லது கணக்குப் பெயர், தேதி, நேரம் ஆகியவற்றைத் தாளில் எழுதிக்கொண்டு, போனை அப்படியே காவல் துறையிடம் காட்ட வேண்டும். எழுத்துச் செய்திகளை மட்டும் எண்ணும் தேதியும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கலாம். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் இத்தகைய படங்களைப் பற்றிப் பெயர் சொல்லாமலும் புகார் செய்ய முடியும்.

நம் சபைகளுக்கே உரிய இன்னொரு கசிவு ஜெபக்குறிப்பு. ஒரு பிள்ளை நம்பிச் சொன்ன விஷயம், "ஒரு வாலிபப் பிள்ளைக்காக ஜெபிக்கவும்" என்று பெயரில்லாமல் ஜெபக்குழுவுக்குப் போகும். ஊர், வகுப்பு, குடும்ப நிலைமை என்று இரண்டு தடயம் கிடைத்தால் நூறு குடும்பம் உள்ள சபையில் யார் அது என்று கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் ஆகாது. பிள்ளையின் விஷயம் ஜெபக்குழுவுக்குப் போகக் கூடாது என்று தெளிவாகவே எழுதி வைக்க வேண்டும்.

பிறந்தநாள் வாழ்த்துப் போஸ்டர்களையும் சேர்த்துச் சொல்கிறோம். முழுப் பெயர், படம், பிறந்த தேதி, பெற்றோர் பெயர், ஊர், சில நேரம் பள்ளிச் சீருடை என்று எல்லாம் ஒரே படத்தில் பொது முகநூல் பக்கத்தில் ஏறுகிறது. முன்பின் தெரியாத ஒருவர் அந்தப் பிள்ளையிடம் "உங்கப்பாவோட ஃப்ரெண்ட்" என்று பேச்சுத் தொடங்க இதைவிட வேறென்ன வேண்டும்? விபிஎஸ் படங்களை யாருடைய சொந்தப் போனிலாவது எடுத்தால் அவை தானாகவே அவர் கூகுள் போட்டோஸ் கணக்கில் ஏறிவிடலாம், அவர் ஊழியத்தை விட்ட பிறகும் அங்கேயே இருக்கும். சேகர போனில் மட்டும் எடுக்க வேண்டும். பெற்றோரிடம் கையெழுத்து வாங்கும் தாளில் குழுவுக்குள் பகிர, ஆலய அறிவிப்புப் பலகையில் ஒட்ட, பொது வலைத்தளத்தில் போட என்று தனித்தனிக் கட்டங்கள் இருக்க வேண்டும். எண்ணியல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023, 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் தரவுக்குப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைக் கேட்கிறது. ஒட்டுமொத்தமாக ஒரு கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளும் பழக்கம் இனிப் போதாது.

இன்ஸ்டாகிராமில் ஊழியரின் சொந்தக் கணக்கிலிருந்து 18 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளைப் பின்தொடரவோ அவர்கள் கோரிக்கையை ஏற்கவோ வேண்டாம். சேகர வாலிபர் ஐக்கியத்துக்கு இரண்டு பேர் கையாளும் ஒரு கணக்குப் போதும். ஸ்னாப்சாட்டில் செய்திகள் பார்த்த பிறகு தானாக அழியும் என்பதால் அது ஊழியத்துக்கு உதவாது. ஜூம் வகுப்பு என்றால் காத்திருப்பு அறை, இரண்டு பெரியவர்கள், பங்கேற்பாளர்களுக்கிடையே தனி அரட்டை அணைப்பு ஆகிய மூன்றும் வேண்டும். வகுப்பைச் சிறு குழுக்களாகப் பிரிக்கும்போது, ஒரு பெரியவர் மட்டும் பிள்ளைகளோடு இருக்கும் பிரேக்அவுட் அறை கூடாது.

சட்டத்தைப் பற்றி ஒரு விஷயத்தை ஒளிவுமறைவின்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. போக்சோ சட்டத்தின் 11-ஆம் பிரிவு, பாலியல் நோக்கத்தோடு ஒரு பிள்ளையை மின்னணு வழியில் திரும்பத் திரும்பத் தொடர்புகொள்வதையே பாலியல் தொல்லை என்று சொல்கிறது. தொட்டால்தான் குற்றம் என்பதில்லை. 19-ஆம் பிரிவின்படி, குற்றம் நடந்தது என்று தெரிந்தவரும் நடக்கக்கூடும் என்று அஞ்சுகிறவரும் காவல் துறைக்கோ சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்காவிட்டால் 21-ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை. தனக்குக் கீழ் உள்ளவர் செய்த குற்றத்தை மறைக்கும் நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓர் ஆண்டு வரை. மத நிறுவனத்தின் நிர்வாகத்திலோ பணியிலோ இருப்பவர் அங்கே ஒரு பிள்ளைக்குச் செய்யும் பாலியல் வன்முறையைச் சட்டம் கடுமையான வகையில் சேர்த்திருக்கிறது.

சேகரக் கமிட்டி கூடி, இரண்டு குடும்பத்தையும் உட்கார வைத்து, ஜெபம் பண்ணி, சமாதானம் செய்து அனுப்புவதற்கு இந்தச் சட்டத்தில் இடமே இல்லை. சபைக்கு அவப்பெயர் வரும் என்று ஆயர் தயங்குவது எங்களுக்குப் புரிகிறது. ஆனால் அந்தத் தயக்கத்தின் விலையைக் கொடுப்பது பிள்ளை.

போக்சோ விதிகள், 2020, பிள்ளைகளோடு தொடர்ந்து பழகும் நிறுவனங்கள் தங்கள் பணியாளர்களுக்குக் குறிப்பிட்ட இடைவெளிகளில் காவல் துறைச் சரிபார்ப்புச் செய்ய வேண்டும் என்கின்றன. நம் பள்ளிகளில் இது பேசப்படுகிறது. ஞாயிறு பள்ளியிலும் விபிஎஸ்ஸிலும் முகாமிலும் பேசப்படுவதில்லை. பத்து நாள் விபிஎஸ்ஸுக்கு வெளியூரிலிருந்து வரும் தன்னார்வலரிடம் நாம் கேட்பது சாட்சியும் பாட்டும்தான்.

எங்கள் கோரிக்கைகள் இவை.

குழுக்களைக் கலைக்கச் சொன்ன சுற்றறிக்கையைத் திரும்பப் பெறுங்கள். அதற்கு முன், இன்றே, இதுவரை கலைக்காத எந்தக் குழுவிலும் ஒரு செய்தியையும் அழிக்கக் கூடாது என்று எல்லாச் சேகரங்களுக்கும் தெரிவியுங்கள். கலைத்த குழுக்களின் அரட்டை யார் போனிலாவது மிஞ்சியிருந்தால் அதை ஏற்றுமதி செய்து பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். இந்த ஒன்றுக்குச் செயற்குழுக் கூட்டம் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

பிள்ளைகளோடு மின்னணுத் தொடர்பு பற்றிய எழுத்துபூர்வமான விதிமுறையை உருவாக்க ஒரு குழு அமையுங்கள். அதில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும். போக்சோ வழக்குகளை நடத்திய ஒரு வழக்கறிஞர், ஒரு மனநல ஆலோசகர், 18 வயதைத் தாண்டிய இரண்டு வாலிபர்கள் இருக்க வேண்டும். மேலே சொன்னவற்றை வரைவாக எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம். ஆனால் அந்த விதி பேராயர் தொடங்கி உபதேசியார் வரை, ஆயர்களின் குடும்பத்தார், கமிட்டி உறுப்பினர்கள் எல்லாருக்கும் ஒன்றாகவே பொருந்த வேண்டும். ஊதியமில்லாமல் உழைக்கும் ஞாயிறு பள்ளி ஆசிரியருக்கு மட்டும் தடை, அங்கி அணிந்தவருக்கு விலக்கு என்றால் அந்த விதியை நாங்களே ஏற்கமாட்டோம்.

திருமண்டலத்துக்கு ஒரு பிள்ளைகள் பாதுகாப்புப் பொறுப்பாளரை நியமியுங்கள். அவர் குருவானவராகவோ செயற்குழு உறுப்பினராகவோ இருக்கக் கூடாது, பெண்ணாக இருப்பது நல்லது. அவருடைய எண்ணையும் 1098-ஐயும் ஒவ்வோர் ஆலய வாசலிலும், பிள்ளைகள் கண்ணுக்கு எட்டும் உயரத்தில், தமிழில் எழுதி ஒட்டுங்கள். புகார் அவரிடம் வந்தால் தங்கள் அனுமதிக்குக் காத்திராமல் காவல் துறைக்குத் தெரிவிக்கும் அதிகாரம் அவருக்கு எழுத்தில் தரப்பட வேண்டும்.

ஒவ்வொரு சேகரத்துக்கும் ஒரு போன், ஒரு சிம், ஆண்டு முழுவதுக்கும் ரீசார்ஜ் ஆகியவற்றுக்குத் திருமண்டல நிதியிலிருந்து ஒதுக்குங்கள். ஏழைச் சேகரங்களின் மேல் இந்தச் செலவைச் சுமத்தினால் அங்கே மட்டும் பழைய வழக்கமே தொடரும்.

ஏப்ரல், மே விடுமுறை விபிஎஸ் தொடங்குவதற்கு முன் பிள்ளைகளோடு பழகும் ஒவ்வோர் ஊழியருக்கும் காவல் துறைச் சரிபார்ப்பு முடிய வேண்டும். பல சேகரங்கள் சேர்ந்த சபை மன்றம் வாரியாக அரை நாள் பயிற்சி நடக்க வேண்டும். அதில் செட்டிங்ஸைக் கையில் போனை வைத்துக்கொண்டே மாற்றிப் பழக வேண்டும், உரை கேட்டுவிட்டுக் கலைந்தால் பயனில்லை. பயிற்சி பெறாதவர் அந்த ஆண்டு விபிஎஸ் நடத்தக் கூடாது.

எத்தனை புகார்கள் வந்தன, எத்தனை காவல் துறைக்குப் போயின என்ற கணக்கை, பெயர்களும் ஊர்களும் இல்லாமல், ஆண்டுதோறும் திருமண்டலப் பெருமன்றத்தில் வாசியுங்கள்.

இந்த மடலுக்கு எழுத்துபூர்வமான பதிலை அடுத்த செயற்குழுக் கூட்டத்துக்கு முன் எதிர்பார்க்கிறோம். கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் இதைத் தனிப் பொருளாகச் சேர்த்து, எங்களில் இரண்டு பேரை நேரில் அழைத்துக் கேட்குமாறும் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
திருமண்டலச் சேகரங்களின் ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள், வாலிபர் ஐக்கியப் பொறுப்பாளர்கள், பெற்றோர்